பொழுதுபட்டால் விளக்கு

பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயோ அரிதிலும் அரிது. ஜாம் போத்தல் விளக்கின் சிறு வெளிச்சத்திலேதான் நான் செய்திகளை எழுதினேன். அந்நாள்களிலும் அம்மா சாமியறையில் விளக்கேற்றத் தவறியதில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தது. நாவற்குழிப் பாலத்தைச் சனத்திரளோடு அங்குலம் அங்குலமாகக் கடந்து, மறுநாள் சாவகச்சேரியில் ஒரு பாடசாலையை அடைந்தோம். இனி எழுதி என்ன பயன் என்று சோர்ந்திருந்தேன். மாலையானதும் அம்மா ஒரு தகர மூடியில் திரியிட்டு விளக்கேற்றினார்.

"இவ்வளவுக்குப் பிறகும் கடவுளை நம்புறீங்களோ?" என்று கசப்போடு கேட்டேன்.

"அவர் என்ன தருவார் எண்டு பாத்தே விளக்கு வைக்கிறன்? பொழுதுபட்டால் விளக்கு வைக்கிறது என்ரை வேலை, தம்பி. மிச்சம் அவற்றை வேலை."

பதில் சொல்ல இயலவில்லை. அந்த வெளிச்சத்திலேயே குறிப்புப் புத்தகத்தை விரித்தேன். உறவுகளைத் தேடி வருவோருக்கு உதவட்டுமென்று, அப்பாடசாலையில் தங்கியிருந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாய் எழுதத் தொடங்கினேன்.

அம்மா இன்றில்லை. கடவுளிடம் கேட்க எனக்கு இன்னும் பல கேள்விகள் உண்டு. ஆயினும் பொழுதுபட்டால் விளக்கேற்றிவிட்டுத்தான் எழுத அமர்கிறேன்.