சிவப்பு முதுகுக்காரி

2010 ஆம் ஆண்டு நானும் மகளும் செட்டிக்குளம் முகாமிலிருந்து இரத்தினபுரிப் பக்கம் ஓர் இறப்பர்த் தோட்டத்துக்கு, அத்தையின் லயத்துக்கு வந்து சேர்ந்தோம். 1977 கலவரத்தில் என் பெற்றோர் வன்னிக்கு ஓடியதும் இதே லயத்திலிருந்துதான்.

வந்த முதல் வாரம், ஆட்கள் பெரட்டுக்குப் புறப்படும் நேரம், ‘டரரரர்’ என்றொரு சத்தம். மகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டேன். சகோதரிகளே, ஏனென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அத்தை குனிந்து பார்த்து, “அது மரங்கொத்தி புள்ள. வெளிய வந்து பாரு” என்றார்.

லயத்துக்குப் பின்னால் பட்டுப்போன அல்பீசியா மரம். அதில் செங்குத்தாக ஒட்டியபடி ஒரு பறவை. முதுகெல்லாம் குங்குமச் சிவப்பு, தந்த நிறத்தில் நீண்ட அலகு. கறுப்பு உச்சியில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்திருந்தால் அது பெண். ஆணுக்குக் கொண்டையும் சிவப்பு. இலங்கையில் மட்டுமே வாழும் இனம். சிங்கராஜா போன்ற மழைக்காடுதான் இதற்குப் பிடித்த இடம்; பழைய மரங்கள் நிற்கும் தோட்டங்களுக்கும் வரும்.

வன்னியில் நான் பார்த்த மரங்கொத்திக்கு முதுகு பொன்மஞ்சள். அதற்கு நெருங்கிய உறவுக்காரி இங்கே இன்னொருத்தி: முதுகு சிவப்பு, அலகு கறுப்பு, உடம்பும் சற்றுச் சிறிது. இடைப்பட்ட ஊர்களில் இரண்டும் கலந்து செம்மஞ்சளாகவும் இருக்குமாம்.

மறுநாளும் நெஞ்சு பதறியது. ஆனால் வாசலுக்குப் போனேன். போகப் போகச் சத்தங்களைப் பிரித்தறியப் பழகினேன். ‘டொக், டொக்’ என்று நிதானமாகக் கொத்தினால் இரை தேடுகிறது. பட்டைக்குள் இருக்கும் எறும்பையும் வண்டுப் புழுவையும் நீண்ட, பசையுள்ள நாக்கால் இழுத்தெடுக்கும். முன்னே இரண்டு, பின்னே இரண்டாக விரல்கள் பட்டையைப் பற்றிக்கொள்ள, விறைத்த வால் முட்டுக் கொடுக்கும். அந்த ‘டரரரர்’ இரைக்கல்ல. இது என் இடம் என்று மற்றப் பறவைகளுக்கு அறிவிக்கும் முரசு.

மழைக்கு முன் அந்த மரத்தை வெட்டவேண்டும் என்றார்கள். கூரையில் விழுந்தால் என்ன செய்வது? நியாயந்தான். ஆனால் தண்டில் ஒரு பொந்தும், உள்ளே குஞ்சுச் சத்தமும் இருந்தன. வீடு கலைவதை இன்னொரு தடவை பார்க்க எனக்கு மனமில்லை. மேல் கிளைகளை மட்டும் இறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அத்தைக்கு என்மேல் கோபம். “ஒரு குருவிக்காக நாங்க பயந்துகிட்டுத் தூங்கணுமா?” என்றார்.

குஞ்சுகள் பறந்த பிறகு தண்டையும் வெட்டினார்கள். பொந்தின் அடியில் மரத்தூள் மட்டுமே இருந்தது. புல்லோ பஞ்சோ இல்லை. விறகு ஒரு மாதத்துக்கு எரிந்தது.