உலக முடிவில் ஒரு காலை

கீழிருந்து காண்போர்க்கு மலை ஓர் எல்லை. மேலிருந்து காண்போர்க்கு அது ஒரு காட்சி. ஒரே பாறையை இரு திசைகளினின்றும் காணும் வாய்ப்பு எல்லோர்க்கும் கிட்டுவதில்லை. பேராதனையில் மூன்றாம் வருடத்திற் பயின்ற மாணவன் ஒருவனுக்கு அது கிட்டியது.

தை மாதத்து விடுமுறை நாளொன்றில் நண்பர் ஐவர் நுவரெலியாவில் இரவு தங்கி, விடியுமுன்னரே வாடகை வானொன்றில் ஹோட்டன் சமவெளிக்குப் புறப்பட்டனர். ஒன்பது மணிக்கு முன்னர் உலக முடிவை அடையாவிடின் முகில் மூடிவிடும் என்பது அங்கு செல்வோர் யாவரும் அறிந்த பாடம். வாயிலிற் பைகளைச் சோதித்த காவலர், ரொட்டியைச் சுற்றியிருந்த பொலித்தீனை வாங்கிக்கொண்டு கடதாசியைக் கொடுத்தார். காட்டுக்குள் குப்பை செல்லலாகாது என்பதில் அங்கு காட்டப்பெறும் கண்டிப்பு போற்றத்தக்கது.

உலக முடிவு வரையிலான நடை ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, பத்தனாப் புல்வெளி அலையலையாய் விரிந்து கிடந்தது. புல் நுனிகளில் உறைபனி வெண்மணலெனப் படிந்திருந்தது. தூரத்தில் மரையொன்று தலைநிமிர்ந்து நோக்கிவிட்டு மீண்டும் மேயத் தொடங்கியது. புல்வெளி முடியுமிடத்தில் முகிற்காடு தொடங்கிற்று. காற்றினாற் குறுகி வளைந்த மரங்கள்; அவற்றின் கிளைதோறும் பாசி. கடந்து செல்லும் முகிலின் ஈரத்தை இம்மரங்களே பிடித்து நிலத்துக்கு இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இச்சமவெளியிலிருந்து நீர் செல்கிறது.

புவியியல் பயின்ற நண்பன் வழிநெடுக விளக்கஞ் சொல்லி வந்தான். சிங்கள மக்கள் மகா எலிய என்றழைத்த இவ்விடம், 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரைப் பெற்றது. 1969இற் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு காட்டுப் பகுதிகளோடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கரின் ஆலோசனையை ஏற்று, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டலாகாதென 1873இல் ஆங்கில அரசு ஆணை பிறப்பித்திருந்தது.

மற்றையோர் அதனை ஒரு தகவலாகவே கேட்டனர். அவன் மட்டும் அந்தக் கோட்டைப் பற்றியே எண்ணிக்கொண்டு நடந்தான். கோட்டுக்கு மேலே காடு தப்பியது. கீழே காடு அழிந்து கோப்பி வந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அவற்றுக்காகக் கடல் கடந்து மனிதர் கொண்டுவரப்பட்டனர். மரத்துக்குக் கிட்டியது அரசின் காவல்; அம்மனிதருக்குக் கிட்டியது லயம்.

எட்டு மணியளவில் அவர்கள் உலக முடிவை அடைந்தனர். நிலம் திடீரென அற்றுப்போய், ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குச் செங்குத்தாய் இறங்கியது. தெற்கே மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நீலம் மங்கிச் சென்றன. அடியில், காலைவெயிலில், தேயிலைத் தோட்டமொன்றும் அதன் நடுவே தகரக் கூரைகளும் துலங்கின.

"இஞ்ச பாரடா, நெருப்புப்பெட்டிய அடுக்கி வைச்ச மாதிரி எவ்வளவு வடிவா இருக்கு!" என்றான் யாழ்ப்பாணத்து நண்பன்.

அவன் பேசாது நின்றான். அந்த நெருப்புப்பெட்டிகளில் ஒன்றிலேதான் அவன் பிறந்தான். அவனுடைய அப்பாயி இன்றும் அங்குதான் இருக்கிறார். நாற்பது வருடம் அந்த மலைகளிற் கொழுந்து பறித்தவர். பிறந்த மண்ணிலேயே நாடற்றவராய் வாழ்ந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பிரசாவுரிமை பெற்றவர். இப்பாறையை அவர் உலக முடிவு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு அது 'பெரிய கல்லு'. கல்லின் இடுப்பை மூட்டம் கட்டினால் பிற்பகலில் மழை. படங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வாரத்தில் ஊரைக் கேட்டவர்களுக்கு அவன் "பலாங்கொடைப் பக்கம்" என்று விடையளித்தான். மூன்று வருடமாக அவ்விடையை மாற்றவில்லை.

ஒன்பது மணியாகுமுன் பள்ளத்தாக்கிலிருந்து முகில் எழுந்தது. முதலிற் கூரைகள் மறைந்தன, பின்னர் தேயிலை, பின்னர் எதிர்நின்ற மலை. ஐவருக்கும் முன்னால் வெண்மையன்றி வேறெதுவும் இல்லை. பிந்தி வந்தோர் சலித்துக்கொண்டு படமெடுக்கும் கருவிகளைப் பையிலிட்டனர்.

காண ஒன்றுமில்லாத அப்பொழுதிலேதான் அவன் வாய் திறந்தான். "அதுல ஒரு காம்பறாவுலதான் எங்க அப்பாயி இருக்காங்க" என்றான். பின்னர் முகிலை நோக்கிக் கைநீட்டி, இவ்விடத்திற் பள்ளிக்கூடம், இவ்விடத்திற் கோயில், இது கொழுந்து நிறுக்கும் இடம், இந்தப் பாதையால் மழையில் வழுக்கிவிழாமல் இறங்குவது எப்படி என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னான். வெயிலிற் கண்டதைவிட அதிகமாக நண்பர்கள் அம்முகிலுக்குள் கண்டனர்.

யாழ்ப்பாணத்து நண்பன் நெடுநேரம் தலைகுனிந்திருந்தான். "ஏன் மச்சான், இவ்வளவு நாளும் ஒருக்காக்கூடச் சொல்லேல்ல?"

"ஊரத்தான் கேட்டீங்க. தோட்டத்த யாரும் கேக்கலையே."

அவ்விடையில் நியாயம் பாதியே இருந்ததென்பதை அவனும் அறிவான். கேளாமை அவர்கள் குறையாயின், சொல்லாமை அவன் குறை. அழகென்று சொன்ன நண்பனும் பொய் சொல்லவில்லை. அவ்வுயரத்திலிருந்து அழகு மட்டுமே தெரியும். கூரையின் ஓட்டையும் கூடையின் பாரமும் தெரியா. அடுத்த விடுமுறையிற் கீழிருந்து பார்ப்பதென்று ஐவரும் பேசிக்கொண்டு, பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகத் திரும்பினர்.

அன்று மாலை நுவரெலியாவிலிருந்து அவன் அப்பாயியைத் தொலைபேசியில் அழைத்தான். பெரிய கல்லின் உச்சியில் நின்றதைச் சொன்னான்.

"அங்கயிருந்து நம்ம லயம் தெரிஞ்சுச்சா அய்யா?"

"தெரிஞ்சுச்சு அப்பாயி."

"சொல்லியிருந்தா வெளிய வந்து நின்னிருப்பேனே" என்றார் அவர்.