மூன்று வார்த்தைகள்

விக்கிரமங்கலத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் அதிக தூரமில்லை. 1025-இல் கடாரத்துக்குப் படை அனுப்பிய ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியை எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அதில் போர்வீரர் மனைவிமாருக்கு இடமில்லை.

என் தங்கையின் கணவர் ராணுவத்தில் இருந்தார். நீலகிரியில், வெல்லிங்டனில் குடித்தனம். 1947-இல் தேசம் பிரிந்தபோது குவெட்டாக் கல்லூரியும் பிரிந்து, நம் பங்கு அங்கே வந்தது. ஆண்டுதோறும் வெளிநாட்டு அதிகாரிகளும் குடும்பத்தோடு வந்து படிக்கிறார்கள்.

அப்படி அடுத்த வீட்டுக்கு வந்தாள் ஓர் ஆப்பிரிக்கப் பெண். கணவனுக்கு வகுப்பு, புத்தகம், சிநேகிதர்கள். இவளுக்கு நான்கு சுவர், இரண்டு குழந்தைகள். கடைக்குப் போகவே பயம்.

விக்கிரமங்கலத்திலிருந்து போன என் தங்கைக்கு முதல் வருஷம் வெல்லிங்டனே அந்நிய தேசம்தான். ஆகவே புத்திமதி சொல்லாமல், கூடையை எடுத்துக்கொண்டு அவளோடு குன்னூர் மார்க்கெட்டுக்கு நடந்தாள். ‘எவ்வளவு’, ‘போதும்’, ‘நாளைக்கு’ என்று மூன்று வார்த்தை கற்றுக் கொடுத்தாள். அடுத்த மாதம் அவள் தனியாகவே போய் வந்தாள்.

படிப்பு முடிந்து புறப்படும் நாளில், அவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கு” என்றாளாம்.

“போய்ட்டு வரேன்னு சொல்லிக் கொடுக்க மறந்துட்டேன், அண்ணா” என்றாள் தங்கை. கண் கலங்கியிருந்தது.