பிராட்வேக்குப் பின்னால் ஒரு தெரு

கோவையிலிருந்து கொச்சிக்கு ஓர் இஸ்ரேலிய விருந்தாளியுடன்: பாட்டியின் வீட்டைத் தேடி இரண்டு நாள்

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு உக்கடத்தைத் தாண்டும்போது காரில் ஐந்து பேர். ஓட்டுவது என் மச்சினன், பக்கத்தில் நான். பின் சீட்டில் என் மனைவியும் எழுபத்தெட்டு வயது அம்மாவும். இருவருக்கும் நடுவே எங்கள் விருந்தாளி. என் மகளோடு ஜெர்மனியில் படித்தவள். ஊர் இஸ்ரேலின் தென்பகுதியில், பீர்ஷெபா பக்கம். மகளுக்கு லீவு கிடைக்காததால் சிநேகிதி மட்டும் வந்து இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். இட்லிக்கு மிளகாய்ப் பொடியைக் கேட்டு வாங்கும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

அவள் கொச்சி போக ஆசைப்பட்டது கடலுக்காக அல்ல, பாட்டிக்காக. அவளுடைய தாய்வழிப் பாட்டி 1954-இல், பன்னிரண்டு வயதில், பெற்றோருடன் கொச்சியை விட்டு இஸ்ரேல் போனவர். சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். அவர் சொல்லிவைத்த விலாசம் பேத்தியின் நோட்டில் எபிரேய எழுத்தில் ஒரே ஒரு வரி. 'யூதத் தெரு, ஆலயத்திலிருந்து மூன்றாவது வீடு' என்று எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். வரியின் கடைசியில் ஒரு சொல் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

வாளையாறு, பாலக்காடு, பிறகு குதிரான். முன்பெல்லாம் இந்த ஏற்றத்தில் லாரிகள் மூச்சு வாங்கும். டிரைவர்கள் ஐயப்பன் கோயிலுக்குக் காசு எறிந்துவிட்டுத்தான் கடப்பார்கள். 2021-இல் சுரங்கப்பாதை திறந்தபின் ஒரு கிலோமீட்டர் இருட்டில் மலை முடிந்துவிடுகிறது. அம்மா எடுத்து வைத்திருந்த ஐந்து ரூபாய் காசு கையிலேயே தங்கிவிட்டது. "சாமி எங்கீடா போச்சு?" என்று மச்சினனைத் திட்டினாள்.

அம்மாவின் இளமைக் காலம் பாலக்காட்டுச் சித்தூரில் கழிந்தது. மலையாளம் அவளுக்கு இன்னொரு வீட்டு மொழி. திருச்சூர் தாண்டியதும் அந்தப் பெண் பாட்டியிடம் கற்ற சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். சோறு. பிட்டு. மோளே. வா, இரி. வேறு எந்த வாக்கியமும் அவளுக்கு வராது. ஆனால் அந்தச் சொற்களில் அவளது உச்சரிப்பு சுத்தம். அம்மா சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைத் தொட்டாள். எங்கள் வீட்டில் யாருக்கும் கிடைக்காத கவனிப்பு அது.

யூதத் தெரு, ஆலயம் என்றதுமே எனக்கு மட்டாஞ்சேரிதான் நினைவுக்கு வந்தது. எத்தனை முறை போயிருக்கிறேன்! எர்ணாகுளம் நகருக்குள் நுழையாமலே குண்டனூர், தோப்பும்படி வழியாகக் காரை நேராக அங்கே விடச் சொன்னேன். தப்பு என்னுடையதுதான்.

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில், அரண்மனையை ஒட்டி இருக்கிறது பரதேசி சினகாக். கொச்சி ராஜா கொடுத்த நிலத்தில் 1568-இல் கட்டியது. தமிழில் பரதேசி என்பது வசவு. இங்கே அது அந்தஸ்து. ஸ்பெயினிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் வந்து சேர்ந்த யூதர்கள் கட்டியதால் அந்தப் பெயர். 1760-இல் எழுந்த மணிக்கூண்டு வாசலில் நிற்கிறது. 1968-இல் நானூறாவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால்தலையும் வெளியிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால் காலடியில் சீனாவின் கான்டன் நகரிலிருந்து வந்த நீலப் பூவேலை ஓடுகள், தலைக்கு மேல் பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு கி.பி. 1000 வாக்கில் கொடுத்த செப்பேடுகள் இந்த ஆலயத்தின் பொக்கிஷம். எழுத்து வட்டெழுத்து. பல்லக்கு, குடை, பகலில் விளக்கு, நடக்க விரிப்பு என்று 72 உரிமைகள். மலையாளமும் தமிழும் முழுதாகப் பிரியாத காலத்து மொழி.

இத்தனையையும் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மரியாதைக்குக் கேட்டாள். ஓடுகளைப் பார்த்தாள். வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். "அழகாக இருக்கிறது. ஆனால் என் பாட்டி இங்கே கும்பிட்டவள் இல்லை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொச்சி யூதர்கள் என்றால் ஒரே கூட்டம் அல்ல. பரதேசிகள் சிறுபான்மை. அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே வந்தவர்கள் மலபாரி யூதர்கள். எண்ணிக்கையில் அவர்களே அதிகம். மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளை என்று அவர்களுக்குத் தனி ஆலயங்கள். இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து வழிபட்டதில்லை, சம்பந்தம் செய்ததில்லை. ஊரில் இருந்த சாதி அவர்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. பரதேசிகளிடம் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் வாரிசுகள் பரதேசி ஆலயத்திலேயே பெஞ்சில் உட்கார முடியாது. அந்த வம்சத்தில் வந்த வக்கீல் ஏ.பி. சேலம் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பெயர் வாங்கினார். இஸ்ரேல் போக கொச்சிக்காரர்களுக்கு வழி கிடைக்காமல் இருந்தபோது 1953-இல் நேரில் போய் அவர்களுக்காக வாதாடியவரும் அவரே. அவர் மட்டும் கொச்சியிலேயே இருந்து 1967-இல் இறந்தார்.

அதே தெருவின் மறுகோடிப் பக்கம் கடவும்பாகம் சினகாக் இருக்கிறது. இருக்கிறது என்பதைவிட அதன் கூடு நிற்கிறது எனலாம். கடவு என்றால் படகுத்துறை. துறைப் பக்கத்து ஆலயம். உள்ளேயிருந்த மரவேலைப்பாடுகளில் பல இப்போது ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் மியூசியத்தில். கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் சரிந்து விழுந்தது. "இதன் உட்புறத்தைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன்" என்றாள் அவள். "வெளிப்புறத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்." வாசலில் எண்ணிப் பார்த்தோம். மூன்றாவது கட்டடம் என்று எதைச் சொல்வது? மசாலா வாசனையும் பழம்பொருள் கடைகளும் தவிர எதுவும் அகப்படவில்லை.

அன்றிரவு எர்ணாகுளத்தில் ஒரு லாட்ஜ். காலையில் டீ குடிக்கக் கீழே இறங்கினோம். மச்சினன் கடல் பக்கத்துச் சாலையின் பெயர்ப் பலகையைக் காட்டிப் பெருமைப்பட்டான். சண்முகம் ரோடு. எங்கள் கோவைக்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சி திவான், பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். அந்த ரோடுதான் ஒரு காலத்தில் கரை. இன்றைய மரைன் டிரைவ் பின்னால் கடலைத் தூர்த்துப் போட்டது. அங்கிருந்து ஒரு சந்து வழியாக உள்ளே திரும்பினோம். குடை, பை, துணி, பாத்திரம் என்று ஒன்றையொன்று இடிக்கும் கடைகள். ஷட்டர்கள் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தன.

அவள் சட்டென்று நின்றுவிட்டாள். "இந்தத் தெருவுக்கு என்ன பெயர்?"

"பிராட்வே."

நோட்டை எடுத்தாள். பென்சிலால் அடிக்கப்பட்ட அந்தக் கடைசிச் சொல்லைக் காட்டினாள். பிராட்வே. கடைசிக் காலத்தில் பாட்டிக்கு நினைவு தடுமாறி கொச்சியையும் நியூயார்க்கையும் குழப்பிக்கொள்கிறாள் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். சொல்லை அடித்தவள் இவளுடைய அம்மா. எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு இவளும் அதை விட்டுவிட்டாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்கும்.

"கிழவிக்கு நெனப்பு நல்லாத்தான் இருந்திருக்குது" என்றாள் அம்மா, வேறு யாருக்கோ பதில் சொல்வதுபோல.

பிராட்வேயிலிருந்து மார்க்கெட் ரோடு பக்கம் போனால் எர்ணாகுளத்தின் யூதத் தெரு வருகிறது. இங்கேயும் ஒரு கடவும்பாகம், ஒரு தெக்கும்பாகம். இடம் மாறி வந்தாலும் ஆலயப் பெயரை விட மனமில்லாதவர்கள்! கடவும்பாகத்தின் வாசலில் செடித் தொட்டிகளும் வண்ணமீன் தொட்டிகளும். கடைதானே என்று யாரும் தாண்டிப் போய்விடுவார்கள். பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டபின் 1972-இல் இங்கே வழிபாடு நின்றது. வாசலில் கடை இருந்ததால்தான் பின்னால் இருந்த கட்டடம் பிழைத்தது என்று நினைக்கிறேன். பூட்டிப் போட்ட மட்டாஞ்சேரிக் கட்டடத்தின் கதியைத்தான் முந்தைய நாள் பார்த்தோமே.

மீன்களைத் தாண்டி உள்ளே விட்டார்கள். புதுப்பித்த மரவேலை பளபளத்தது. வேதம் படிக்கும் மேடை கீழே நடுவில் ஒன்று, மாடியில் இன்னொன்று. இப்படி இரண்டு மேடை கேரள யூத ஆலயங்களுக்கே உரிய வழக்கம். மாடி மேடைக்குப் பின்னால் பலகைத் தடுப்பு, அதற்குப் பின்னால் பெண்கள் இடம். அவள் கீழே நின்றபடி அந்தத் தடுப்பையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில் ஏதோ முணுமுணுத்தாள். கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாடும் பாட்டுகள் ஏராளம். நோட்டுப் புத்தகங்களில் எழுதிக் கைமாற்றி வந்தவை. இவளுக்குப் பாதிதான் தெரியும், பொருள் தெரியாது. அம்மா பக்கத்தில் போய் நின்றாள். ஒவ்வொரு வரியாக நிறுத்தச் சொல்லி, தமிழில் என்னிடம் சொல்ல, நான் ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னேன். சில சொற்கள் அம்மாவுக்கும் புரியவில்லை. "இது ரொம்பப் பழசு" என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது வீடு? இந்தப் பக்கம் எண்ணினால் மாடிக் கட்டடம், அந்தப் பக்கம் எண்ணினால் பிளாஸ்டிக் வாளிக் கடை. எதிர்க் கடைப் பெரியவர், அவர்கள் போகும்போது வீடுகளை விற்றுவிட்டுப் போனார்கள், அது தன் தகப்பனார் காலம் என்றார். இரண்டையும் அவள் படம் எடுத்துக்கொண்டாள்.

பிராட்வே பலகைக்குக் கீழே நின்று வீட்டுக்கு வீடியோ போன் போட்டாள். அவள் அம்மாவின் முகம் தெரிந்தது. போனைப் பலகை பக்கம் திருப்பிக் காட்டினாள். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. இந்தப் பக்கம் கைவண்டிக்காரர் ஒருவர் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

கிளம்புமுன் ஆலய வாசலில் ஒரு செம்பருத்தித் தொட்டி வாங்கினாள். விமானத்தில் கொண்டுபோக முடியாதே என்றேன். "எனக்கில்லை, பாட்டிக்கு" என்று என் அம்மாவிடம் நீட்டினாள். விலையை மட்டும் அம்மாவே மலையாளத்தில் பேசி முப்பது ரூபாய் குறைத்தாள். டிக்கியில் வைக்க விடவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள். குதிரான் வருவதற்குள் தூங்கியும்விட்டாள். தொட்டியை மறுபக்கம் அந்தப் பெண் பிடித்துக்கொண்டிருந்தாள்.