கடும்புச் சட்டி

எங்கள் இணுவில் வளவிலே பசு கன்று போட்டதென்றால், எத்தனை போத்தல் பால் தேறும் என்ற கணக்குக்கு முன்னே, இளங்கொடி விழுந்ததா என்ற விசாரணையே எழும். விழுந்த கொடியை நாய் இழுத்துவிடாதபடி பழைய சாக்கிலே பொதிந்து ஆலமரத்துக் கிளையில் கட்டுவித்த பின்னரே என் ஆச்சி, ஈன்ற பசுவின் முதற்பாலாகிய கடும்பைக் கறக்கும் சட்டியைத் தேடுவார். பாலூறும் மரத்திலே கட்டினால் மடியிலும் பாலூறும் என்பது அவருடைய திடமான விசுவாசம். அதைவிட, கொடி விழும்வரை கொட்டிலை விட்டு நகராத அவருடைய சிரத்தையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அரை நாள் கடந்தும் விழாத கொடியைக் கையால் இழுப்பவன் கருப்பையைப் புண்படுத்தி அடுத்த கன்றையும் இழக்கக்கூடுமாதலால், அவ்வேளையில் மிருக வைத்தியரை அழைப்பதே முறை.

நான் பள்ளி மாணவனாயிருந்தபோது எங்கள் ஜேர்சிக் கலப்புப் பசு மூன்றாம் கன்று போட்டது. "ஒட்டக் கறவாதை மேனே" என்று ஆச்சி தடுத்தும், மடி கனத்துக் கிடக்கிறதே என்று அம்மான் கடைசித் துளிவரை கறந்தார். மறுநாள் விடியலில் அந்தப் பசு கழுத்தை விலாவோடு மடித்துப் படுத்திருந்தது, காதுகள் சில்லிட்டிருந்தன, கன்று கத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. வைத்தியர் வந்து, இதயத் துடிப்பைக் கேட்டுக் கேட்டு, கழுத்து நாளத்தினூடே கல்சியம் மருந்தை மிக மெதுவாக ஏற்ற, உடல் நடுங்கிற்று, ஏப்பம் வந்தது, சற்று நேரத்தில் எழுந்து நின்று சாணமிட்டது. ஆச்சி அழுததை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன்.

பாற்காய்ச்சல் என்று பெயரேயன்றி அந்நோயிலே காய்ச்சல் இல்லை. பசுவின் இரத்தத்திலே ஒரு வேளையில் ஓடும் கல்சியம் ஏறத்தாழ 3 கிராம். கடும்பு ஒரு லீற்றரே 2 கிராம் அளவில் அள்ளிச் சென்றுவிடும். எலும்பிலே கிலோக் கணக்கில் இருப்பிருந்தும் அது கரைந்து வந்து சேர ஓரிரு நாள் பிடிக்கும். 1897இல் டென்மார்க்கின் மிருக வைத்தியர் சிமிட் மடிக்குள் மருந்துநீர் செலுத்தியும், பின்வந்தோர் வெறுங்காற்றையே அடைத்தும் இத்தகைய பசுக்களைப் பிழைக்கச் செய்தனர். மடி விம்மியதும் சுரப்பு நின்று கல்சியம் இரத்தத்திலே தங்கியதே அதன் இரகசியம் என்பது, 1925இல் ஸ்கொத்லாந்தின் டிரையரும் கிரெய்க்கும் கல்சியக் குறைவைக் காரணமாகச் சுட்டிய பின்னரே விளங்கலாயிற்று. கன்றுக்கென்று ஒரு காம்பை விட்டுவைக்கும் ஆச்சியின் வழக்கமும் அதே காரியத்தை ஓரளவு சத்தமின்றிச் செய்திருக்கக்கூடும். கன்றுக்கும் அந்தக் கடும்பே ஜீவாதாரம். ஒரு நாள் கழிந்துவிட்டால் அதன் குடல் கடும்பின் நோயெதிர்க்கும் சக்தியை உறிஞ்சாது.

அந்த முதல் நாட்கள் கடந்த பின்னும், பால் ஏறும் வேகத்துக்குப் பசுவின் பசி ஏறுவதில்லை. ஆறாம் கிழமையளவில் கறவை உச்சத்தைத் தொடும்போது பசு தன் கொழுப்பையே கரைத்துத் தருகிறது. ஆகவே ஆச்சி எள்ளுப் பிண்ணாக்கை ஒரேயடியாகக் கொட்டாமல் நாளுக்கொரு பிடியாகக் கூட்டுவார், புல் கருகிய ஆடியிலே பூவரசங்குழையும் கிழித்த பனையோலையும் போடுவிப்பார், தொட்டி வற்றவிடார்.

அடுத்த ஈற்றிலே அம்மான் பாதி மடியோடு எழுந்துவிட்டார். முதல் மூன்று இரவும் ஆச்சி அரிக்கன் லாம்போடு கொட்டிலுக்குப் போய், பசுவின் காதைக் கைக்குள் பொத்திச் சூடு பார்த்துவிட்டு வந்து படுத்தார்.