நெல்வயலுக்கு நடுவே ஏழு சாம்பியன் பட்டங்கள்

இத்தாலிக்குப் போகிறேன் என்று வானொலியில் சொன்ன அன்று, காலை நிகழ்ச்சிக்கு அழைத்த நேயர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "சான் சீரோவுக்குப் போவீங்களா?" போனேன். மிலான் நகரின் அந்தப் பிரம்மாண்டமான திடலுக்கு முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஊர் திரும்பியதிலிருந்து நான் பேசிக்கொண்டிருப்பது வேறொரு திடலைப் பற்றி. ஐயாயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே உட்காரக்கூடிய, மூன்றாம் டிவிஷன் திடல் அது.

ஊரின் பெயர் வெர்ச்செல்லி. மிலானுக்கும் தூரினுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு நகரங்களிலிருந்தும் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மக்கள்தொகை சுமார் 45,000. ஏப்ரல் கடைசியில் போனேன். ரயில் ஜன்னலில் முதலில் தெரிந்தது வரப்பு. அப்புறம் தண்ணீர் கட்டிய வயல். அப்புறம் பார்த்த இடமெல்லாம் வயல்தான். தூரத்தில் பனி மூடிய ஆல்ப்ஸ் மலை மட்டும் இல்லையென்றால், நான் வளர்ந்த பாரிட் புந்தார் என்றே சொல்லியிருப்பேன். இத்தாலியில் நெல் விளையும் என்று தெரியும். இவ்வளவு விளையும் என்று தெரியாது. ரிசொத்தோ சமைக்கும் அர்போரியோ அரிசியின் பெயரே இந்த மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பெயர்தான். ஐரோப்பாவின் அரிசித் தலைநகரம் என்று வெர்ச்செல்லி தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

இந்த ஊரின் காற்பந்துக் குழு புரோ வெர்ச்செல்லி. இத்தாலிய சாம்பியன் பட்டத்தை அது ஏழு முறை வென்றிருக்கிறது. ரோமா வென்றது மூன்று. மரடோனா ஆடிய நாப்போலியும் இன்னும் ஏழைத் தொடவில்லை. இதைவிட அதிகம் வென்றவை யுவெந்துஸ், இன்டர், மிலான், ஜெனோவா என்று நான்கே குழுக்கள்.

வெள்ளைச் சட்டைக்காரர்கள்

1892-ல் இது ஓர் உடற்பயிற்சிச் சங்கமாகத் தொடங்கியது. 1903-ல் மார்செல்லோ பெர்த்தினெத்தி என்ற இளைஞர் அதில் காற்பந்தைச் சேர்த்தார். பிற்காலத்தில் அவர் மருத்துவரானார். வாள்வீச்சில் 1924, 1928 ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றார்.

அந்தக் காலத்தில் ஜெனோவா, மிலான் போன்ற பெரிய நகரக் குழுக்களில் ஆங்கிலேயர்களும் சுவிஸ்காரர்களும் ஆடினார்கள். புரோ வெர்ச்செல்லியில் ஆடியது உள்ளூர்ப் பையன்கள். அவர்கள் 1908-ல் சாம்பியன், 1909-ல் மறுபடியும் சாம்பியன்.

1910-ல் நடந்ததைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், கொஞ்சம் கோபமும் வரும். அவ்வாண்டு இன்டரும் புரோ வெர்ச்செல்லியும் சம புள்ளிகளில் முடிக்க, பட்டத்தை முடிவுசெய்ய இன்னொரு ஆட்டம் தேவைப்பட்டது. குறித்த நாளில் வெர்ச்செல்லியின் ஆட்டக்காரர்கள் சிலருக்கு ராணுவப் போட்டி இருந்தது. தேதியை மாற்றச் சொன்னார்கள். சங்கம் மறுத்துவிட்டது. சரி, ஆட்டம்தானே வேண்டும் என்று புரோ வெர்ச்செல்லி பள்ளிச் சிறுவர்களைத் திடலில் இறக்கியது. 10-3 என்று இன்டர் வென்றது. அதுதான் இன்டரின் முதல் சாம்பியன் பட்டம். வெர்ச்செல்லிக்குக் கிடைத்தது தடை. அதனால் மூன்று வாரம் கழித்து இத்தாலிய தேசியக் குழு தன் முதல் ஆட்டத்தில் பிரான்ஸை 6-2 என்று வென்றபோது, அதில் வெர்ச்செல்லி ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை.

ஆனால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. 1911, 1912, 1913 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். 1913 மே முதல் தேதி பெல்ஜியத்தை எதிர்த்து இத்தாலி களமிறக்கிய பதினொருவரில் ஒன்பது பேர் புரோ வெர்ச்செல்லிக்காரர்கள். இத்தாலி 1-0 என்று வென்றது. கோலை அடித்த குய்தோ ஆராவும் வெர்ச்செல்லிக்காரர்தான்.

கொடுத்தவர்களின் கதை

முதல் உலகப் போருக்குப் பிறகு 1921, 1922 என்று இன்னும் இரண்டு பட்டங்கள். அதோடு சரி.

1923-ல் யுவெந்துஸ் குழு தூரினின் கார் முதலாளிகளான அஞெல்லி குடும்பத்தின் கைக்கு வந்தது. அதே ஆண்டில் வெர்ச்செல்லியின் தற்காப்பு ஆட்டக்காரர் விர்ஜினியோ ரொசெத்தாவை அது அழைத்துக்கொண்டது. காசுக்கு ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. வழக்கும் வாக்குவாதமுமாக நாடே பேசியது. அவர் ஆடிய ஆட்டங்களுக்காக யுவெந்துஸ் புள்ளிகளை இழந்தது. ஆனால் ரொசெத்தா திரும்பி வரவில்லை. யுவெந்துஸுக்கு மேலும் ஆறு பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். நல்ல ஆட்டக்காரன் பணம் இருக்கும் இடத்துக்குப் போவான் என்பது அன்றோடு உறுதியாகிவிட்டது. தொழிற்சாலை இல்லாத நெல்லூர் எதைக் காட்டி யாரைப் பிடித்து வைக்கும்?

அடுத்தவர் சில்வியோ பியோலா. பக்கத்து ரொப்பியோவில் பிறந்து வெர்ச்செல்லியில் வளர்ந்தவர். 1930-ல் பதினாறு வயதில் முதல் ஆட்டம். 1933-ல் ஃபியோரெந்தினாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல்கள். 1934-ல் ரோம் நகரத்து லாசியோ அவரை வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே புரோ வெர்ச்செல்லி முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் அங்கே திரும்பவில்லை. பியோலாவோ 1938 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். சீரி ஆவில் அவருடைய 274 கோல் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

வெர்ச்செல்லி திடலின் பெயர் இன்று சில்வியோ பியோலா திடல். வேடிக்கை என்னவென்றால், இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பரம எதிரி நொவாராவின் திடலுக்கும் அதே பெயர்தான். கடைசிக் காலத்தில் அவர் அங்கே ஆடினார்.

ஞாயிறு மதியம்

ஆட்டத்துக்கு முன் திடலுக்குப் பக்கத்துக் கடையில் பனிஸ்ஸா சாப்பிட்டேன். அரிசியும் பயறும் உள்ளூர் சலாமியும் சேர்த்து வேகவைப்பது. பொங்கலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மேசையில் வெள்ளைத் துண்டு அணிந்த பெரியவர் ஒருவர். அரிசி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேத்திக்கு ஆங்கிலம் தெரிந்ததால் பேச முடிந்தது.

"எல்லாரையும் விற்றுவிட்டீர்களே, வருத்தமில்லையா?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு பேத்தி மொழிபெயர்த்தாள்: "என் பையனும் தூரினில்தான் வேலை செய்கிறான். அதற்காக அவன்மேல் கோபப்பட முடியுமா? ஊரில் ஆட்டம் இருக்கும் ஞாயிறெல்லாம் வந்துவிடுவான். இதோ, கார் நிறுத்தப் போயிருக்கிறான்."

எனக்கு வாயில் இருந்த சோறு இறங்கவில்லை. கோலாலம்பூரிலிருந்து பாரிட் புந்தாருக்கு மூன்றரை மணி நேரம். சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் போனவன், அதற்குப் பிறகு அப்பாவைப் பார்க்கவில்லை.

2010-ல் கடனில் மூழ்கிய பழைய குழு முடிந்தேபோனது. அதே ஊரின் இன்னொரு குழுவான புரோ பெல்வெதேரே, பழைய பெயரைத் தான் சூடிக்கொண்டு தொடர்ந்து ஆடியது. இரண்டே ஆண்டில், 64 ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டாம் டிவிஷனுக்கு ஏறினார்கள். மறுபடி இறங்கினார்கள், ஏறினார்கள், 2018-ல் மீண்டும் இறங்கினார்கள்.

அன்றைய ஆட்டம் 1-1. அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். இருக்கைகளில் பாதி காலி. ஆனால் கோல் விழுந்தபோது பெரியவரும் மகனும் பேத்தியும் கட்டிப்பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால், எட்டாவது பட்டமே வந்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள்.

இரவு அப்பாவுக்கு வயல் படங்களை அனுப்பினேன். உடனே அழைத்தார். ஏழு பட்டம், பத்து கோல், பியோலா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி தம்பி, இவ்வளவு வயலுக்கும் தண்ணி எங்கேருந்து வருது?" என்றார்.

மறுநாள் விசாரித்தேன். போன வாரம் வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து நேரிலேயே சொன்னேன்: போ நதியிலிருந்து வருகிறது, 1866-ல் வெட்டி முடித்த காவூர் கால்வாய், நீளம் எண்பது கிலோமீட்டருக்கு மேல். அப்பாவுக்குத் திருப்தி. தேநீர் ஆறும்வரை ஒன்றும் பேசவில்லை.

"அந்தக் குழு மறுபடி மேல ஏறுமா?"

"தெரியலப்பா."

"ஏறினா சொல்லு," என்றார்.