"ஓம்" என்று கூப்பிட்ட பையன்

ஜகார்த்தா போன புதிதில், லிஃப்டில் ஒரு பையன் என்னைப் பார்த்து "ஓம்!" என்றான். அடடா, நம்ம விபூதிக்கு இவ்வளவு மரியாதையா என்று புல்லரித்துப்போய் நானும் கைகூப்பி "ஓம்" என்றேன். ஆபீசில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது டச்சுக்காரன் விட்டுப்போன வார்த்தையாம். 'மாமா' என்று அர்த்தம்.

அதே "ஓம்" 2022 ஜூலையில் என்னை வசமாக மாட்டிவிட்டது.

என் ஆபீஸ் சுதிர்மான் சாலையில். பக்கத்திலேயே டுகு அத்தாஸ். ரயில், மெட்ரோ எல்லாம் கூடுகிற இடம். திடீரென்று அங்கே சாயங்காலமானால் பொடிசுகள் கூட்டம். தலைமுடியில் சாயம், தொளதொள பேன்ட், பழைய துணிச் சந்தையில் பேரம் பேசி வாங்கின ஜாக்கெட். சிக்னல் சிவப்பானதும் வரிக்குதிரைக் கோட்டில் இடுப்பில் கை வைத்து நடப்பார்கள், திரும்புவார்கள், செல்போனுக்குப் போஸ் கொடுப்பார்கள். கார்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

எல்லாம் புறநகர்ப் பிள்ளைகள். சித்தாயம், போஜோங்கெடே, டெபோக். முதல் 25 கிலோமீட்டருக்கு 3,000 ரூபியா டிக்கெட். அதற்கு மேல் ஒவ்வொரு பத்துக்கும் ஆயிரம். அந்தக் காசுக்கு என் ஆபீஸ் கட்டடத்துக் காபிக் கடையில் வாசனை பிடிக்கக்கூட விடமாட்டான். பையன்கள் கவலைப்படவில்லை. சைக்கிளில் ஃபிளாஸ்க் வைத்துக் காபி விற்கிறவர்களுக்கு அங்கே 'ஸ்டார்லிங்' என்று பெயர். 'ஊர் சுற்றும் ஸ்டார்பக்ஸ்' என்பதன் சுருக்கம்! குசும்பு அதோடு நிற்கவில்லை. சுதிர்மானில் எஸ்.சி.பி.டி. என்று கோடீஸ்வர வட்டாரம் ஒன்று உண்டு. அந்த எழுத்துகளுக்கு 'சுதிர்மான், சித்தாயம், போஜோங்கெடே, டெபோக்' என்று புது விரிவு கொடுத்துவிட்டார்கள்.

"படிக்கிற வயசுல இதென்ன கூத்து?" என்று நான் வீட்டில் பொருமுவேன். என் மனைவி, "நீங்க பெல்பாட்டம் போட்டுத் தெருவைப் பெருக்கின போட்டோவைக் காட்டட்டுமா?" என்பாள். நான் பேப்பருக்குள் முகத்தை விட்டுக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். கோட்டில் நடந்துவந்தவன் போட்டிருந்த நீல ஜாக்கெட்டை எங்கேயோ பார்த்திருக்கிறேனே... அட, என் மகனுடையது! எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்குப் போன வருஷம் கொடுத்தது. போஜோங்கெடேயிலிருந்து தினம் ரயிலில் வருகிறவர். அவர் பையன்தான் இவன். முதுகில் மட்டும் சிவப்புத் துணியில் பெரிய நட்சத்திரம் ஒன்று முளைத்திருந்தது.

என்னைப் பார்த்ததும் ராஜநடை நின்றுவிட்டது. ஓடிவந்தான். "ஓம், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. படிக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

முகத்தைப் பார்த்தால் திட்ட மனசு வரவில்லை. கடைசி ரயிலைத் தவறவிட்டு நடைபாதையிலேயே தூங்கும் பையன்களைப் பற்றி அப்போது பேப்பரில் வந்துகொண்டிருந்தது. "ஒன்பது மணி ரயிலுக்குக் கிளம்பு" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த அம்மாள் முகத்தை நேரே பார்க்க முடியாமல் காபியை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அதற்குள் பெரிய மனிதர்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஜகார்த்தா கவர்னரே வந்து அந்தக் கோட்டில் நடந்தார். பைம் வோங் என்ற நடிகரின் கம்பெனி, 'சித்தாயம் ஃபேஷன் வீக்' என்ற பெயரையே தன் பேரில் பதிவுசெய்ய மனு போட்டது. ஊரே திட்டித் தீர்க்க, வாபஸ் வாங்கினார்கள். பொடியன்கள் பெற்ற பிள்ளைக்கு இனிஷியல் போட எத்தனை பேர் பாருங்கள்! மாதம் முடிவதற்குள், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று போலீஸ் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கோடு மறுபடி வெறும் கோடானது.

மறுநாள் அந்த அம்மாள் காபியோடு வந்து நின்றார். "டுகு அத்தாஸ்ல என் பையனைப் பார்த்தீங்களா?"

"இல்லியே" என்றேன். நாக்கு குழறியது.

அவர் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். நீல ஜாக்கெட் நடந்து வருகிறது. ஓரத்தில், தொப்பையும் கண்ணாடியுமாக வாயைப் பிளந்துகொண்டு நான்!

"பக்கத்து வீட்டுப் பொண்ணு அனுப்புச்சு. அன்னிக்கே பார்த்துட்டேன். அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். வீடியோவை மறுபடி ஓடவிட்டு, பையன் திரும்பும் இடத்தில் நிறுத்தினார்.

"அந்த நட்சத்திரம் நான் தைச்சது. பள்ளிக்கூட நாடகத்துக்குன்னு கேட்டான். ஒரு முனை கொஞ்சம் கோணல், தெரியுதா?"

"தெரியவே இல்லை" என்றேன்.